ஐந்து நிமிட ஆடியோ டாக்குமெண்டரி: இஸ்திரி வண்டி ஒன்றை வைத்து ஒரு செய்முறை

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), மாஸ் கம்யூனிகேஷன் வகுப்புகளில் செமஸ்டர் புராஜெக்ட் என்றதும் முக்கால்வாசி குழுக்கள் குறும்படத்துக்குத்தான் ஓடுகின்றன. கேமரா, லைட், நடிக்க ஆள் என்று பாதி நாள் ஏற்பாட்டிலேயே போய்விடும். ஆடியோ டாக்குமெண்டரிக்கு ஒரு போன், ஒரு மைக், ஒரு ஹெட்போன், ஒரு லேப்டாப் போதும். ஆனால் சுலபம்தானே என்று இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். முதலில் உட்கார்ந்து வாய்ஸ் ஓவரை, அதாவது பின்னணியில் வாசிக்கும் வர்ணனையை, எழுதி முடித்துவிட்டு, அதற்குப் பொருத்தமாகப் பேச ஆள் தேடிப் போகிறார்கள். கடைசியில் கையில் கிடைப்பது மியூசிக் போட்டு வாசித்த கட்டுரை.

இங்கே சொல்வது அதற்குத் தலைகீழான முறை. முதலில் சத்தம், பிறகு பேச்சு, எழுத்து கடைசியில். தெருமுனை இஸ்திரி வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் குழு, ஒரு வார வேலை.

படி 1: சத்தம் உள்ள தலைப்பு

‘சமூக ஊடகங்களின் தாக்கம்’, ‘பிளாஸ்டிக் ஒழிப்பு’ போன்ற தலைப்புகள் பட்டிமன்றத்துக்குச் சரி. மைக் முன்னால் வைக்க அதில் ஒன்றும் இல்லை. தலைப்பை நினைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சத்தம் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள்.

இஸ்திரி வண்டியில் எண்ணிப் பார்ப்போம். கரி மேல் அட்டையால் விசிறுவது. பெட்டியின் மூடி டங்கென்று விழுவது. துணியை உதறும் படார். கையால் தண்ணீர் தெளிப்பது. ஈரத்துணி மேல் பெட்டி படும்போது வரும் ‘ஸ்ஸ்’. மூட்டை முடிச்சு இறுகுவது. தெருவில் போகும் ஆட்டோவும் மாடியிலிருந்து துணிக்காகக் கூப்பிடும் குரலும் இலவசம். ஒன்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்: பல இடங்களில் கரிப்பெட்டி போய் கேஸ் பெட்டியோ கரண்ட் பெட்டியோ வந்துவிட்டது. அதில் விசிறும் சத்தமும் கரி வெடிக்கும் சத்தமும் கிடைக்காது. ஆனால் ஏன் மாற்றினார்கள் என்பதே கதையாகலாம்.

படி 2: மைக் இல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள்

முதல் நாளே மைக்கை நீட்டினால் எதிரில் இருப்பவர் டிவி செய்தியில் பேசுவதுபோல் செந்தமிழுக்கு மாறிவிடுவார். முதல் நாள் இரண்டு துணியைத் தேய்க்கக் கொடுத்துவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருங்கள். எந்த நேரம் கூட்டம், எப்போது ஓய்வு, எப்போது கரி மூட்டுவார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், யார் கேட்பார்கள், யூடியூபில் போடுவீர்களா என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். வகுப்புக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுப் பின்னால் இணையத்தில் ஏற்றுவது துரோகம்.

படி 3: கருவியும் செட்டிங்கும்

சட்டையில் குத்தும் காலர் மைக் எதுவானாலும் சரி. மாணவர்கள் கையில் அதிகம் இருக்கும் போயா பி.ஒய்-எம்1 மைக்கில் பேட்டரி போடும் சின்ன டப்பாவில் ஒரு சுவிட்ச் உண்டு, போனுக்கு ஒரு பக்கம், கேமராவுக்கு மறுபக்கம். அது தவறான பக்கம் இருந்தால் சத்தம் சரியாக ஏறாது. ஹெட்போன் துளை இல்லாத போனுக்கு டைப்-சி அடாப்டர் வேண்டும். பாட்டு கேட்க மட்டும் உதவும் அடாப்டர்களும் இருக்கின்றன, அவற்றில் மைக் வேலை செய்யாது.

எந்த மைக்கில் பதிவாகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ரெக்கார்ட் போட்டுவிட்டுக் காலர் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். கேட்டுப் பாருங்கள். போனைச் சுரண்டியது பெரிதாகக் கேட்டால் வெளி மைக் இணையவே இல்லை. ஒரு மணி நேரப் பேட்டி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு இது தெரியவருவதுபோல் கொடுமை வேறில்லை. 20 நொடி டெஸ்ட் போதும்.

ரெக்கார்டர் ஆப்பில் வேவ் ஃபார்மட், 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு 6 எம்பிக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 350 எம்பி போதும். ஆப்பில் சத்தம் குறைப்பு என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். அது தெருச் சத்தத்தைக் குப்பை என்று நினைத்து நீக்கும், நமக்கு வேண்டியதோ அதுதான். ஐபோனின் வாய்ஸ் மெமோஸில் தரத்தை ‘லாஸ்லெஸ்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுவில் ஒரு அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம்.

லெவல் காட்டும் ஆப்பாக இருந்தால், சத்தமாகப் பேசும்போது முள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வரட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கரகரவென்று உடையும், எந்த சாஃப்ட்வேராலும் அதைச் சரியாக மீட்க முடியாது. குறைவாகப் பதிவானதைக் கூட்டிக்கொள்ளலாம்.

படி 4: பதிவு, இரண்டு தவணையாக

வேலை செய்துகொண்டே பேசவைத்தால் உயிரோட்டமாக இருக்கும் என்று தோன்றும். இஸ்திரி வண்டியில் அது நடக்காது. கை முன்னும் பின்னும் போகும்போது சட்டை மைக்கில் உரசி ‘கரக் கரக்’ என்று விழும். போதாததற்கு, தொங்கும் ஒயர் சூடான பெட்டிக்குப் பக்கத்தில் ஆடும். அதனால் பேச்சைத் தனியாகவும் வேலைச் சத்தத்தைத் தனியாகவும் எடுங்கள்.

பேட்டிக்கு மதிய ஓய்வு நேரம். மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தி, ஒயரைச் சட்டைக்குள் விட்டு இடுப்புப் பக்கம் எடுங்கள். கையில் பிடிக்கும் மைக் என்றால் வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக வைத்தால் ‘பெட்டி’, ‘பத்து’, ‘பாதி’ என்று ‘ப’ வரும் இடமெல்லாம் மைக்கில் ஊதுவதுபோல் ‘பொப்’ அடிக்கும். பக்கத்துக் கடையில் பாட்டு ஓடினால் கெஞ்சியாவது நிறுத்தச் சொல்லுங்கள். உரிமைப் பிரச்சினை ஒருபுறம். அதைவிடப் பெரிய தலைவலி, எடிட்டில் ஒரு வார்த்தையை வெட்டினாலும் பின்னால் ஓடும் பாட்டு எகிறிக் குதித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் கேள்வியாகப் பெயர், ஊர், தொழில், பதிவு செய்யச் சம்மதமா என்று கேட்டுப் பதிலைப் பதிவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். துறையில் ஒப்புதல் படிவம் கேட்டால் அதுவும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

கேள்வி கேட்பதில்தான் சூட்சுமம். உங்கள் குரல் இறுதி வடிவத்தில் இருக்கப்போவதில்லை. “பெட்டி எவ்ளோ கனம்ணே?” என்று கேட்டால் “அஞ்சாறு கிலோ இருக்கும்” என்று முடித்துவிடுவார். கேள்வியை வெட்டியதும் அந்தப் பதில் அநாதை, எது அஞ்சாறு கிலோ என்று யாருக்கும் புரியாது. “இந்தப் பெட்டியைப் பத்திச் சொல்லுங்கண்ணே, நாள் பூரா புடிச்சா கை என்னாகும்?” என்று கேளுங்கள். “இந்தப் பெட்டி இருக்கே…” என்று அவரே ஆரம்பிப்பார். அப்படித் தொடங்கும் பதில்தான் உங்களுக்கு வேண்டிய பைட், அதாவது பேட்டியிலிருந்து வெட்டி எடுத்துப் பயன்படுத்தும் பேச்சுத் துண்டு.

அவர் பேசும்போது ‘ம்ம்’, ‘ஆமாண்ணே’ என்று வாயால் ஆமோதிக்காதீர்கள். தலையை ஆட்டுங்கள், முகத்தில் காட்டுங்கள். அவர் பேச்சின் மேல் ஏறிய உங்கள் ‘ம்ம்’ மட்டும் தனியாகப் பிரிந்து வராது. பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாமல் மூன்று நொடி சும்மா இருங்கள். நல்ல வாக்கியம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

இன்னொரு தவணை வேலைச் சத்தங்களுக்கு. கரி மூட்டும் நேரத்துக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு சத்தத்தையும் ஓர் அடி தூரத்தில், பக்கவாட்டிலிருந்து, மூன்று முறையாவது எடுங்கள். தூர வைத்தால் தெருதான் கேட்கும், ‘ஸ்ஸ்’ கேட்காது. ரொம்பக் கிட்டப் போனால் தெளிக்கும் தண்ணீரும் சூடும் மைக்குக்கு ஆகாது. காற்று அடித்தால் முதுகைக் காற்றுப் பக்கம் திருப்பி உடம்பால் மறையுங்கள்.

கடைசியாக, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் தெருவைப் பதிவு செய்யுங்கள். இதைத்தான் ஆம்பியன்ஸ் என்கிறோம். எல்லாரும் மறப்பதும் இதைத்தான். இரண்டு பைட்களை ஒட்டும் இடத்தில் பின்னணி பொட்டென்று மாறும். அடியில் இந்த ஒரு நிமிடத்தை விரித்தால் ஒட்டு தெரியாது.

எல்லாம் சேர்ந்து 40 முதல் 60 நிமிடப் பதிவு வந்தால் போதும். ஃபைல்களைக் குழுவுக்கு வாட்ஸப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமெண்ட்’ ஆக மட்டும் அனுப்புங்கள். வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் நசுங்கிப் போகும்.

படி 5: காகிதத்தில் எடிட்

லேப்டாப்பைத் திறக்கும் முன் முழுப் பதிவையும் ஒருமுறை கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன என்று நோட்டில் குறியுங்கள். நல்ல வரிகளை அவர் பேசியபடியே எழுதுங்கள், ‘போட்டாத்தான்’ என்பதைப் ‘போட்டால்தான்’ என்று திருத்த வேண்டாம். பிறகு 300 நொடியைப் பங்கு பிரியுங்கள்: பைட் 140, வாய்ஸ் ஓவர் 80, வெறும் சத்தம் 60, தலைப்பும் பெயர்களும் 20. மாதிரிக்குத் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

0.00 – கரியை விசிறும் சத்தம், தனியாக 8 நொடி
0.08 – பெட்டி மூடி விழும் டங்
0.09 – பைட்: “அஞ்சரைக்குக் கரி போட்டாத்தான் ஆறரைக்கு மொதத் துணி. லேட்டாச்சுன்னா ஆபீஸ் போறவங்க வந்து நிப்பாங்க.”
0.17 – துணி உதறும் சத்தம், அதன் மேல் வாய்ஸ் ஓவர்

வாய்ஸ் ஓவரை இப்போதுதான் எழுத வேண்டும். நிதானமாக வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 சொல் வரும். ஆக 80 நொடிக்கு உங்களுக்குக் கிடைப்பது 120 சொல், அவ்வளவுதான். “இன்றைய நவீன உலகில் இஸ்திரித் தொழில் என்பது நலிந்து வரும் ஒரு தொழிலாக இருந்து வருகிறது” என்ற ஒரு வரிக்கே 12 சொல் போய்விட்டது, காதில் எதுவும் விழவில்லை. “மூன்று அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு தள்ளுவண்டி. மேலே தகரக் கூரை. பலகையில் மடித்து விரித்த பழைய கம்பளி.” இது 13 சொல், ஒன்றுதான் அதிகம், ஆனால் வண்டி கண்ணுக்குத் தெரிகிறது. அவர் வாயால் சொன்னதை நீங்கள் திரும்பச் சொல்லாதீர்கள்.

படி 6: ஆடாசிட்டியில் வெட்டி ஒட்டுவது

ஆடாசிட்டி என்பது ஆடியோ எடிட் செய்யும் சாஃப்ட்வேர், இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புராஜெக்ட் ரேட்டை 48,000 என வைத்து, பைட், வாய்ஸ் ஓவர், வேலைச் சத்தம், ஆம்பியன்ஸ் என நான்கு டிராக் போடுங்கள். புராஜெக்ட் ஃபைலைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டே வேலை செய்யாதீர்கள், லேப்டாப்பில் காப்பி செய்துகொள்ளுங்கள்.

வெட்டும்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. “அந்த வீட்டம்மா ஒரு தடவ பட்டுப்பொடவ குடுத்து…” என்பதோடு வெட்டினால் காது அந்தரத்தில் நிற்கும். வினை முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டுங்கள், மூச்சில் பாதியை விட்டுவையுங்கள். ‘வந்து’, ‘அதாவது’ எல்லாவற்றையும் துடைத்தெறிந்தால் மனிதர் ரோபோ ஆகிவிடுவார், தடுமாற்றம் அலுப்பூட்டும் இடத்தில் மட்டும் எடுங்கள். வெட்டுகிறோம் என்பதற்காக அவர் சொன்னதன் பொருள் மாறக்கூடாது. ‘இல்ல’ என்ற ஒரு சொல் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கும், அதை நறுக்கினால் எதிர்ப்பொருள் வந்துவிடும்.

குரல் டிராக்கில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள், பஸ் உறுமலின் அடிப்பகுதி போய்விடும். நாய்ஸ் ரிடக்‌ஷன் தேவைப்பட்டால் 6 டெசிபலில் தொடங்குங்கள். 12-ஐத் தாண்டினால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் ஆகும். பேச்சு ஓடும்போது ஆம்பியன்ஸ் 15 டெசிபலாவது கீழே இருக்கட்டும்.

சத்த அளவைச் சமன்படுத்தும் லவுட்னெஸ் நார்மலைசேஷன் விஷயத்தில் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. எல்லா டிராக்கையும் தேர்ந்தெடுத்து அப்படியே போட்டுவிடுவார்கள். அது டிராக் டிராக்காக வேலை செய்வதால், மெல்லிய ஆம்பியன்ஸும் குரல் அளவுக்கு எகிறிவிடும். முதலில் ‘மிக்ஸ் அண்ட் ரெண்டர்’ கொடுத்து எல்லாவற்றையும் ஒரே டிராக் ஆக்குங்கள், பிறகு மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்த அளவின் அலகு) என்று கொடுங்கள். அதன் பிறகும் உச்சி பூஜ்யத்தைத் தொட்டால் உச்சியை மட்டும் அழுத்திப் பிடிக்கும் லிமிட்டரை மைனஸ் 1-இல் போடுங்கள்.

மியூசிக்? பெரும்பாலும் தேவையே இல்லை. சோகமான இடத்தில் வயலின் போடுவது, கேட்பவரை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

வேவ் ஒன்று, எம்பி3 ஒன்று என இரண்டு பிரதி எடுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் ஐந்து நிமிடம் 5 எம்பிக்குள் அடங்கும். கல்லூரியில் சமுதாய வானொலி இருந்தால் அங்கும் கொடுத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004-இல் தொடங்கியதிலிருந்து கல்வி நிறுவனங்கள் பல இப்படி நடத்துகின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக்கூடாது. உங்கள் டாக்குமெண்டரியில் கவுன்சிலரைப் பற்றிய புகார் இருந்தால் தயங்குவார்கள்.

படி 7: இரண்டு முறை சோதனை

ஒன்று, ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போன் ஸ்பீக்கரில், மின்விசிறி ஓடும் அறையில் கேளுங்கள். வாய்ஸ் ஓவர் ஆம்பியன்ஸில் மூழ்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். மதிப்பெண் போடுகிறவரும் அநேகமாக அப்படித்தான் கேட்பார்.

இரண்டு, சமர்ப்பிக்கும் முன் எம்பி3-யை எடுத்துக்கொண்டு வண்டிக்கே போய் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பெயரையும் ஊரையும் தவறாகச் சொல்லியிருந்தால் அங்கேயே பிடிபடும். “இதைப் போடாதீங்க தம்பி” என்று அவர் ஏதாவது சொன்னால், மறுபேச்சு வேண்டாம், அந்த பைட்டை எடுத்துவிடுங்கள். அதற்காகவே கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போக வேண்டும்.