மனை வாங்க விலை பேசும்போது: நெருக்கும் தந்திரங்களை அறிவதும் எதிர்கொள்வதும்

வீட்டுமனை வாங்குவது பெரும்பாலான குடும்பங்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ நடக்கும் காரியம். எதிரே உட்கார்ந்திருக்கும் தரகருக்கோ அது வாரந்தோறும் பேசிப் பழகிய பேச்சு. பல ஆண்டுச் சேமிப்போடும் நகைக்கடனோடும் வருபவர் ஏமாறுவது பெரும்பாலும் விவரம் தெரியாததால் அல்ல, அவசரத்தில் தலையாட்டிவிடுவதால்தான் என்பதைப் பல குடும்பங்களில் பார்த்த வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நிலத்துக்காரர் விலையைக் கூட்டிச் சொல்வது தந்திரம் அல்ல. அது அவருடைய உரிமை, குறைத்துக் கேட்பது நம்முடைய உரிமை. விசாரிக்க விடாமல், வீட்டில் கலந்து பேச விடாமல், ஆவணத்தைப் பார்க்க விடாமல் நம்மிடமிருந்து சம்மதத்தை வாங்கப் பார்க்கும் பேச்சையே தந்திரம் என்கிறேன். ஒரு பேச்சு எந்த வகை என்று ஐயம் வந்தால், "பத்து நாள் அவகாசம் கொடுங்கள்" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நேர்மையாக விற்பவர் நாளைக் குறைத்துக் கேட்பாரே தவிர, கேட்டதற்காகக் கோபப்பட மாட்டார்.

எல்லா ஊரிலும் முதலில் வருவது "வேறொரு பார்ட்டி" கதைதான். நாளைக்கே அட்வான்ஸோடு வருகிறார்கள், உங்களுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன், ஆடி பிறந்துவிட்டால் பேச முடியாது என்பார்கள். அந்தப் பார்ட்டி உண்மையில் இருக்கிறதா என்று துப்பறிய வேண்டியதில்லை, இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் பதில் ஒன்றுதான்: "அவர்களுக்கு அமைந்தால் தாராளமாகக் கொடுங்கள், எங்களுக்கு வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல முடியும்." (வில்லங்கச் சான்று என்பது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் சான்று; தாய்ப்பத்திரம் என்பது உரிமை எப்படி வந்தது என்பதைக் காட்டும் பழைய மூலப்பத்திரம்.) இரண்டு வாரம் கழித்தும் அதே பார்ட்டி அதே "நாளைக்கு" வருவதாகச் சொல்லப்பட்டால், விலை குறைய இடமிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது டோக்கன் அட்வான்ஸ். "பத்தாயிரம் மட்டும் கொடுத்து வையுங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்பது சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் பணம் கைமாறிய நொடியில் நம் மனம் அந்த மனையை நம்முடையதாக நினைக்கத் தொடங்கிவிடுகிறது, அதன் பிறகு சொல்லப்படும் ஒவ்வொரு புதுச் செலவையும் ஏற்கத் தயாராகிவிடுகிறோம். ஆகவே புல எண், பரப்பு, மொத்த விலை, கெடு, உரிமையில் குறை தெரிந்தால் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும் என்ற வாசகம் ஆகியவை எழுதப்பட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. கிரய ஒப்பந்தம், அதாவது இன்ன விலைக்கு விற்க, வாங்கச் சம்மதம் என்ற ஒப்பந்தம் போடும் கட்டத்தில், தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். "இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் போதும்" என்பவரின் யோசனையை ஏற்க வேண்டாம். லேஅவுட் போட்டு விற்கும் நிறுவனமாக இருந்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் அது வாங்கக் கூடாது.

அளவை மாற்றிப் பேசுவதைப் பலர் கவனிப்பதில்லை. விலையைச் சென்ட் கணக்கில் பேசிவிட்டு, கூட்டும்போது மட்டும் சதுர அடிக்கு மாறுவார்கள். "சதுர அடிக்கு ஐம்பது ரூபாய்தானே கூடுகிறது" என்றால் காதுக்குச் சிறிதாகத்தான் இருக்கும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஆகவே அது 1,20,000 ரூபாய். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி என்பதால் சென்டுக்கு 21,780 ரூபாய் கூடுகிறது. யார் எந்த அளவில் சொன்னாலும், "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, அந்த எண்ணை அவர்கள் முன்னாலேயே தாளில் எழுதுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில், இதுவரை பேச்சிலேயே வராத ஓர் அண்ணன் துபாயிலிருந்து ஒத்துக்கொள்ள மறுப்பார். உண்மையிலேயே பங்குள்ளவராக அவர் இருக்கக்கூடும் என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது, முதல் நாளே "பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் யார் யார்?" என்று கேட்டு, பட்டாவோடும் வாரிசுச் சான்றோடும் ஒப்பிட்டுவிட வேண்டும். பவர், அதாவது உரிமையாளருக்குப் பதிலாக விற்க அவர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம், வைத்துப் பேசுபவராக இருந்தால், பவர் பதிவானதா, எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை உறுதி செய்யுங்கள். அண்ணன் பெயரைச் சொல்லி விலையை மீண்டும் திறந்தால், நாம் விட்டுக்கொடுத்ததையும் திரும்ப எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து பேசலாம் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

மிகக் கடுமையான நெருக்கடி சார்பதிவாளர் அலுவலக வாசலில்தான் வருகிறது. என் தம்பி ஆழ்துளைக் கிணறும் நான்கு தென்னையும் இருந்த ஒரு மனையை இருபது லட்சத்துக்குப் பேசி முடித்திருந்தான். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என 1,80,000 ரூபாய் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. முகூர்த்த நாள்; சாட்சிக்கு வந்த இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்; அம்மா பட்டுப்புடவையில், பூஜைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பதிவுக்கான எங்கள் டோக்கன் எண்ணை அழைக்கச் சற்று முன்பு விற்பவர், மோட்டாரும் மின் இணைப்பும் விலையில் சேராது, ஒன்றரை லட்சம் தனி என்றார். தம்பிக்கு முகம் சிவந்தது. அம்மா, "நல்ல நேரம் போய்விடும், கொடுத்துவிடு" என்று மெதுவாகச் சொன்னார். கொடுத்தோம்.

இன்று அதே இடத்தில் நின்றால் இரண்டைச் செய்வேன். ஒப்பந்தத்திலேயே "ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மின் இணைப்பு, மரங்கள் உட்பட" என்று எழுதச் சொல்வேன். இரண்டாவதாக, பதிவு செய்யாமல் திரும்பி வரவும் தயார் என்று முந்தைய இரவே வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்வோம். பதிவு டோக்கனை வேறொரு நாளைக்கு வாங்கலாம். பதிவு நடக்காவிட்டால் தீர்வையைத் திரும்பக் கோரவும் சட்டத்தில் வழியிருக்கிறது. கட்டிய பணம் போய்விடும் என்ற நம் பயத்தின் மீதுதான் விற்பவர் அந்த ஒன்றரை லட்சத்தைக் கேட்டார்.

மீதித் தொகையை ரொக்கமாகக் கேட்டு, "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பதும் ஒரு நெருக்கடிதான். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பெற்ற தொகை அளவுக்கே பெற்றவர் மீது தண்டம் விதிக்கப்படலாம். இதைச் சொன்னாலே பெரும்பாலோர் வங்கி வழிக்கு வந்துவிடுவார்கள்.

உறவையும் ஊரையும் முன்வைத்து வரும் நெருக்கடி இவற்றைவிட மென்மையானது, அதனாலேயே வலுவானது. "என் மேல் நம்பிக்கை இல்லையா மாப்பிள்ளை?" என்று பெரியவர் ஒருவர் கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு ஆவணத்தைக் கேட்க நா எழும்? அங்கே வாதாடக் கூடாது. "நம்பிக்கை இருப்பதால்தான் உங்களிடம் வந்தேன் மாமா, வக்கீல் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்" என்று சொல்லி, அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கம் கூடக்கூட, மறுத்துப் பேச அவருக்கு இடம் கூடும். அடுத்து வரும் மௌனம் சங்கடமாக இருந்தாலும் அதை நாமாக நிரப்பக் கூடாது.

பேசப் போகுமுன் நம்மால் கொடுக்க முடிந்த உச்சத் தொகையைத் தாளில் எழுதி வீட்டிலேயே வைத்துவிட்டு, யார் பேசுவது என்பதையும் முடிவு செய்யுங்கள். இரண்டு பேர் பேசினால், இளகியவரிடம்தான் தரகர் திரும்புவார். சந்திப்பு முடிந்த அன்று மாலையே, பேசியவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி, "இப்படித்தானே பேசினோம், தவறிருந்தால் திருத்துங்கள்" என்று அனுப்புங்கள். பதில் வந்தால் கையில் ஆதாரம் இருக்கும். வராவிட்டால், அடுத்த முறை உட்காரும்போது வேறு எதையும் பேசும் முன் அந்தச் செய்தியை அவர் முன்னால் படித்துக் காட்டுங்கள்.