ஏ.ஆர்.டி. ஆரம்பித்த பிறகு காய்ச்சல் கூடினால்: காசநோயும் எச்ஐவியும் சேர்ந்தவர்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசநோய் மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டிருக்கும், பசியும் எடுக்கத் தொடங்கியிருக்கும். அப்புறம் எச்ஐவிக்கான ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தொடங்குவார்கள். சில வாரங்களில் திரும்பவும் காய்ச்சல். கழுத்தில் சுண்டைக்காய் அளவில் இருந்த நெறிக்கட்டி எலுமிச்சை அளவுக்கு வீங்கி நிற்கும். "புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திப் பார்ப்போம்" என்று வீட்டில் முடிவெடுப்பார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

காய்ச்சல், வீக்கம் எல்லாம் பெரும்பாலும் கிருமியை எதிர்த்து நம் உடம்பு காட்டும் வேகம்தான். எதிர்ப்புசக்தியைத் தாங்கும் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களை எச்ஐவி அழித்துவிட்டதால் இதுவரை அந்த வேகம் இல்லை. ஏ.ஆர்.டி. வைரஸை அடக்கியதும் எதிர்ப்புசக்தி எழுந்து, காசநோய்க் கிருமிகள் மீதும் செத்த கிருமிகளின் மிச்சத்தின் மீதும் கண்மண் தெரியாமல் பாய்கிறது. மருத்துவர்கள் இதை ஐரிஸ் என்பார்கள். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். சி.டி.4 எண்ணிக்கை நூறுக்கும் கீழே இருப்பவர்களுக்கும், காசநோய் உடம்பு முழுக்கப் பரவியவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலோருக்கு இரண்டு சிகிச்சையையும் தொடர்ந்தபடியே இதைச் சமாளிக்க முடியும். ஆனால் கண் மஞ்சளானாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருந்தை நிறுத்துவது என்பதை அங்கே முடிவு செய்வார்கள்.

நேர் எதிரான தவறு மருத்துவர்கள் பக்கம் நடக்கும்: எல்லாவற்றையும் ஐரிஸ் என்று எழுதிவிடுவது. இதை உறுதிசெய்யத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோயா, மாத்திரை விட்டுப்போனதா, வேறு தொற்றா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். கிருமி ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று காட்டும் சிபிநாட் பரிசோதனையின் முடிவைப் பார்க்காமல், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிக்கு வழிவிட்டது போலாகும்.

ஐரிஸுக்குப் பயந்து ஏ.ஆர்.டி.யைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. கம்போடியாவில் நடந்த கமீலியா ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. சி.டி.4 மிகவும் குறைந்திருந்தவர்களில், காசநோய் மாத்திரை ஆரம்பித்த இரண்டு வாரத்தில் ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களுக்கு ஐரிஸ் அதிகம் வந்தது. ஆனால் எட்டு வாரம் காத்திருந்தவர்களைவிட அவர்களில் இறந்தவர்கள் குறைவு. இப்போது உலக சுகாதார நிறுவனமும் இரண்டு வாரத்துக்குள் என்றே சொல்கிறது. விதிவிலக்கு, மூளைக்காய்ச்சலாக வரும் காசநோய். மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை என்பதால் அங்கே 4 முதல் 8 வாரம் பொறுக்கிறார்கள்.

ஐரிஸ் தொல்லை கடுமையானால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கை கொடுக்கும். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுகிற மாத்திரை அல்ல இது. ரிஃபாம்பிசின் இதன் வேகத்தைக் குறைப்பதால் அளவைக் கணக்குப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பழுத்த நெறிக்கட்டிக்குப் பத்து போடுவதும் கீறிவிடுவதும் வேண்டாம். மருத்துவர் ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பார், சிலருக்குப் பலமுறை.

பலரும் கோட்டைவிடுகிற இன்னொரு இடம் ஏ.ஆர்.டி. மருந்துகளில் ஒன்றான டோலுடெக்ராவிர். ரிஃபாம்பிசின் இதை உடம்பில் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் வழக்கமான ஒரு வேளைக்குப் பதில் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை, தலா 50 மில்லிகிராம். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் அப்படியே தொடர வேண்டும். இரவு மாத்திரை விட்டுப்போனால் வைரஸ் சரியாக அடங்காது; பிறகு வரும் காய்ச்சல் ஐரிஸா, வைரஸா என்று பிரித்துப் பார்ப்பதே சிரமம்.

ஏ.ஆர்.டி. தொடங்கும் முன்பே இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை நான்கையும் விசாரித்துவிட வேண்டும். ஒளிந்திருக்கும் காசநோயும் இதே ஐரிஸ் வழியாகத் திடீரென வெளியே வரும்.

மூச்சுத்திணறல், விடாத தலைவலியோடு வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த ஏ.ஆர்.டி. தேதி வரை காத்திருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு.