கடலோரத்தில் ஓடும் பழைய ஸ்டீல் சைக்கிள்: எந்தப் பாகம் பழையதாக இருக்கலாம், எதை மாற்ற வேண்டும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவன் நான். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள்களோடுதான் கழிகிறது. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் வீட்டு மாடிகளில் 1970, 80களின் ஜப்பானிய, ஆங்கிலேய சைக்கிள்கள் இன்னும் சாய்ந்து கிடக்கின்றன. அதை இறக்கிக்கொண்டு வருகிற தம்பிமார்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அந்தக் காலத்துப் பாகங்களையே தேடிப் போடுவதா, இன்றைய பாகங்களுக்கு மாறிவிடுவதா?

நான் பாகத்தின் வயதைப் பார்ப்பதில்லை. கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்ட முடிகிறதா என்று பார்க்கிறேன். நம் கரையில் உப்புக்காற்று புகாத இடம் கிடையாது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துரு ஏறியதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்தில் புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். இத்தனை ஆண்டுகள் அந்தப் பழைய பாலம் நின்றதே ஓயாமல் சுரண்டி வர்ணம் பூசிக்கொண்டிருந்ததால்தான். சைக்கிளுக்கும் அந்தக் கவனிப்பு வேண்டும். கவனிக்க இடம் தருகிற பாகமாக அது இருக்க வேண்டும்.

பாகம் வாங்கும் முன் பிரேமைச் சோதியுங்கள். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டை வெளியே இழுத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பெடல் அச்சு ஓடுகிற பாட்டம் பிராக்கெட் கூடுதான் பிரேமின் அடிப்பள்ளம். சீட் குழாய் வழியாக இறங்குகிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் தேங்கும். அச்சைத் தாங்கும் கப்புகளைக் கழற்றி, உள்ளே செதிள் செதிளாகத் துரு உதிர்கிறதா என்று ஒரு திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால் அந்த பிரேமுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள், அது எவ்வளவு பெயர் பெற்ற குழாயாக இருந்தாலும் சரி. பெயர் பெற்ற ஆங்கிலேய சைக்கிள் குழாயான ரெனால்ட்ஸ் 531 1935-இல் வந்தது. அதன் சுவர் நடுப்பகுதியில் மிக மெல்லியது. லேசாக இருப்பதற்காக அப்படிச் செய்தார்கள். அதனால் துரு அரித்துத் தீர்க்கவும் அங்கே அதிக உலோகம் இல்லை. பிரேம் நன்றாக இருந்தால், குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுற்றி வடியவிட்டுக் காயவிடுங்கள். உள்ளே படலமாகப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது அளவு. பின் சக்கர அச்சு உட்காரும் இரண்டு பிளவுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடும். 120 மி.மீ. என்றால் 5 பல்சக்கரக் காலம்; 126 என்றால் 6 அல்லது 7; 130 என்றால் 8-க்கு மேல். பாட்டம் பிராக்கெட்டின் அகலம் 68 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் ஆங்கிலேய மரை. 70 இருந்தால் இத்தாலிய மரை. ஆங்கிலேய முறையில் செயின் பக்கக் கப்புக்கு இடது மரை என்பதை மறந்து, பலத்தைக் காட்டித் திருப்பி மரையைக் கெடுத்தவர்கள் பலர். பழைய பிரெஞ்சு சைக்கிள் கையில் கிடைத்தால் மட்டும் நிதானியுங்கள்: மரை, ஹேண்டில் பாரைத் தாங்கும் ஸ்டெம், பெடல் எல்லாமே வேறு அளவு. நம் பக்கம் அதற்குப் பாகம் தேடி மாளாது.

சக்கரத்தில் நான் பழமைக்குக் கொஞ்சமும் இடம் கொடுப்பதில்லை. அந்தக் கால சைக்கிள்கள் பலவற்றில் 27 அங்குல ரிம் இருக்கும். அதற்கு டயர் நம் மாவட்டத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. இன்றைய 700சி அளவு டயரோ, ஹைபிரிட் சைக்கிள்கள் பெருகிய பிறகு ராமநாதபுரத்திலேயே கிடைக்கிறது. 27 அங்குல ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி-யுடையது 622. ஆரத்தில் 4 மி.மீ.தான் குறைகிறது. அதனால் பிரேமில் கிடைக்கிற இடத்தில் 28 அல்லது 32 மி.மீ. அகல டயர் போடலாம். போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் நம் சாலையோரம் முழுக்கச் சீமைக் கருவேல முள். உச்சிப்புளியிலிருந்து சாயல்குடி வரை எந்தச் சாலையில் போனாலும் அது டயரில் ஏறும். உள்ளே முள் தடுக்கும் பட்டை வைத்த டயராகப் பார்த்து வாங்குங்கள். டியூபை உள்ளே வைத்துத் தைத்து ரிம்மில் பசையால் ஒட்டும் டியூபுலர் டயர்களை அழகுக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. சாலையில் பஞ்சரானால் தையலைப் பிரித்து ஒட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் எந்தப் பஞ்சர் கடையிலும் அந்த வேலை நடக்காது.

குரோம் பூசிய ஸ்டீல் ரிம் மழையில் நிற்காது. நனைந்த குரோமில் பிரேக் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம், துருப்பிடிக்காத எஃகு ஸ்போக், அதை ரிம்மில் பூட்டப் பித்தளை நிப்பிள் என்று கேட்டு வாங்கி, 36 ஓட்டையில் கட்டுங்கள். லேசாக இருக்கிறது என்று அலுமினிய நிப்பிளைக் கடைக்காரர் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உப்பு ஈரத்தில் அலுமினியமும் எஃகும் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். படகின் அடியில் நாங்கள் துத்தநாகக் கட்டி கட்டுவதும் இந்த விதியை வைத்துத்தான். துத்தநாகம் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். சைக்கிளிலோ கரைவதற்கு நிப்பிளைத் தவிர வேறொன்றும் இல்லை. அது ரிம்மோடும் ஸ்போக்கோடும் இறுகிவிட்டால் கோட்டம் எடுக்க வருகிறவர் ஸ்போக்கை முறித்துத்தான் எடுப்பார்.

சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் மட்டும் பழையதாக இருக்கட்டும். கப்பு, கோன், குண்டு வைத்த பழைய ஹப்பை இரண்டு கோன் ஸ்பேனர் இருந்தால் திண்ணையிலேயே பிரித்துவிடலாம். பின் ஹப்புக்கு வேண்டிய கால் அங்குலக் குண்டு எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடங்கியதும் ஒருமுறை பிரித்துப் புதுக் குண்டு போட்டு, படகுக்குப் பயன்படுத்தும் தண்ணீர் தாங்கும் கிரீஸ் வைத்து மூடினால் உங்கள் பிள்ளைகளும் அந்த ஹப்பில் ஓட்டுவார்கள்.

பல்சக்கரங்களில் 126 மி.மீ. பிரேமை 126 ஆகவே விட்டுவிடச் சொல்வேன். ஹப்பின் மேல் மரையில் திருகுகிற 6 அல்லது 7 அடுக்கு பிரீவீல், 14 முதல் 28 பற்கள் வரை உள்ளது, ஜப்பானிய ஷிமானோ நிறுவனத்தில் இன்றும் புதிதாக வருகிறது. கியர் சைக்கிள் விற்கும் கடைகளில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். திருகும் முன் மரையில் கிரீஸ் தடவுங்கள். மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும். பழைய பிரீவீலைக் கழற்றும் கருவி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும், அதைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே சக்கரத்தைப் பிரியுங்கள். பிரீவீல் ஹப்பில் வலப்பக்கக் குண்டுகள் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு வளையும் ஆபத்து உண்டு. சமதளத்தில் சும்மா ஓட்டுகிறவருக்கு அது தொல்லையில்லை. உடல் கனத்தவர், பின்னால் மூட்டை கட்டுபவர் பல்சக்கரங்களைத் திருகாமல் செருகும் காஸெட் ஹப்புக்கு மாறலாம். அதற்கு 130 மி.மீ. வேண்டும், ஸ்டீல் பிரேம் என்பதால் பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பிறகு மறு பக்கம். ஒரு பிளவிலிருந்து நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி மறு பிளவுக்குக் கொண்டுவந்து, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரு பக்கமும் சமமாக வரும்வரை சரிசெய்யுங்கள். செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டீரெய்லர் தொங்கும் காதையும் நேராக்க வேண்டும். அலுமினியம், கார்பன் பிரேமில் இந்த வேலையை நினைக்கவே கூடாது.

கியர் லிவரைப் பற்றி என் கருத்து உறுதியானது: பிரேமின் கீழ்க்குழாயில் உள்ள, சொடுக்கு இல்லாமல் உராய்வால் மட்டும் நிற்கும் பழைய உராய்வு லிவர்களைக் கழற்றிவிடாதீர்கள். ஷிமானோ 1984-இல் தன் டியூரா ஏஸ் பாக வரிசையில் சொடுக்குச் சொடுக்காக நிற்கும் முறையைக் கொண்டுவந்தது. 1990-இல் பிரேக் லிவருக்குள்ளேயே கியரை வைத்தது. அவை நல்ல கண்டுபிடிப்புகள்தான். ஆனால் அந்த லிவருக்குள் நுண்ணிய பற்களும் ஸ்பிரிங்குகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கிரீஸ் இறுகி உப்பும் சேர்ந்தால் அதைப் பிரித்துச் சரிசெய்ய இங்கே ஆளில்லை. உராய்வு லிவரில் ஒரு திருகு, சில வாஷர்கள். அவ்வளவுதான். கேபிள் கொஞ்சம் இழுத்துக்கொண்டாலும், செயின் தேய்ந்தாலும், பல்சக்கரம் 6 ஆனாலும் 8 ஆனாலும் கை அதற்கேற்பப் பழகிவிடும். ராமநாதபுரம் பேருந்து நிலையம் போன்ற நெரிசலில் கையை எடுத்துக் கீழே நீட்டத் தயங்குகிறவர் ஹேண்டில் பார் நுனியில் பொருத்தும் லிவரை வாங்கலாம், அதிலும் உராய்வு வகை உண்டு. பின் டீரெய்லர் மட்டும் புதியதாக இருப்பது மேல். பழைய லிவரோடு அது நன்றாகவே இழையும்.

நம் ஊரில் ஏற்றம் என்று சொன்னால் பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான். நமக்கு மலை என்பது காற்றுதான். கச்சான் வீசும் மாதங்களில் பாம்பனிலிருந்து மேற்கே ராமநாதபுரம் திரும்புகிறவருக்கு நேர் எதிர்க்காற்று. வாடைக் காலத்தில் தொண்டிச் சாலையில் வடக்கே போகிறவருக்கு அதே பாடு. முன்னால் 52, 42 பற்கள் உள்ள பழைய கிராங்க் (பெடல் பூட்டும் கையும் முன் பல்சக்கரமும்), பின்னால் 14 முதல் 28 என்றால் போதும். 42-க்கு 24-ஐப் போட்டு நிதானமாக மிதித்தால் காற்று தள்ளாது. இன்னும் சிறிய பல்சக்கரம் வேண்டுமென்றால் கிராங்கின் போல்ட் வட்டத்தை அளந்த பிறகு வாங்குங்கள்: 144 மி.மீ. வட்டம் உள்ள பழைய இத்தாலிய காம்பக்னோலோ வகைக் கிராங்கில் 41 பற்களுக்குக் கீழே ஏறாது, 130 மி.மீ. வட்டத்தில் 38 வரை போகலாம்.

பாட்டம் பிராக்கெட்டில்தான் என் விதிக்கு விலக்கு. மூடி முத்திரையிட்ட, சதுர முனை அச்சுள்ள கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் புதிதாக வாங்கிப் போடுங்கள். பழைய கப்புகளுக்குள் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் நேரே குண்டில் விழும். வெளியே என்ன துடைத்தாலும் அது தெரியாது. கார்ட்ரிட்ஜ் தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டலாம், விலை குறைவு. பழைய அச்சின் நீளத்தை அளந்து அதே நீளத்தில் கேளுங்கள். ஜப்பானிய கிராங்குக்கும் பழைய காம்பக்னோலோ கிராங்குக்கும் சதுர முனையின் அளவு வேறு என்பதையும் சொல்லிக் கேளுங்கள். அச்சில் இறுக்கும் ஆப்பான காட்டர் பின் வைத்த ஸ்டீல் கிராங்க் உங்களுடையது என்றால் கவலை வேண்டாம், அந்தப் பின் ஊரெங்கும் கிடைக்கும். விட்டம் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிரேக்கில் உயிர் இருக்கிறது. ரிம்மை இருபுறமும் கவ்வும் பழைய காலிப்பர் நல்ல வேலைப்பாடு உள்ளதென்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டை, கேபிள், கேபிள் உறை மூன்றும் புதியவையாக இருக்க வேண்டும். பாதிப் பழைய பிரேக்குகள் மோசம் என்று பெயர் வாங்குவது கல்லாகிப்போன கட்டையாலும் உள்ளே துருவேறிய உறையாலும்தான். துருப்பிடிக்காத எஃகுக் கேபிளும் உள்பூச்சுள்ள உறையும் போட்டுப் பாருங்கள், அதே லிவர் வேறொன்றாகத் தெரியும். 27 அங்குலத்திலிருந்து 700சி-க்கு மாறினால் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். நடு போல்ட் ஓட்டையிலிருந்து ரிம்மின் தேயும் பரப்பு வரை அளந்துகொள்ளுங்கள்: 39 முதல் 49 மி.மீ. என்றால் இன்றைய குட்டைக் காலிப்பர் போதும், 47 முதல் 57 என்றால் நீள வகை. டெக்ட்ரோ நிறுவனத்தில் இந்த நீள வகை கிடைக்கிறது. பழைய போர்க்கில் ஓட்டை வெளியே நட்டு போடும் வகை, புதிய காலிப்பர்கள் பல உள்ளே புதையும் நட்டு வகை. எது என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்டெம்மும் சீட் போஸ்ட்டும் அலுமினியம், பிரேம் ஸ்டீல். இந்த இரண்டு இடங்களில்தான் கடற்கரை சைக்கிள்கள் நிரந்தரமாக இறுகிப்போகின்றன. பழையதோ புதியதோ, மாட்டும் முன் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் துடைத்து மறுபடி தடவுங்கள். போஸ்ட் 27.2 மி.மீ. என்று ஊகித்து வாங்காதீர்கள். அது நல்ல மெல்லிய குழாய் பிரேமின் அளவு, மலிவான பிரேமில் குறையும். தோல் சீட் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், மழையில் மூடி வைத்தால் போதும்.

இத்தாலியின் கயோலே ஊரில் 1997 முதல் லேரோயிகா என்ற பழைய சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. அங்கே 1987 வரையிலான சைக்கிள்களுக்கே முதன்மை இடம், கியர் லிவரும் பொதுவாகக் கீழ்க்குழாயில்தான் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஓட்டத்துக்கோ வீட்டில் காட்சிக்கோ என்றால் ஒவ்வொரு திருகையும் அந்தந்த ஆண்டுக்குரியதாகத் தேடுவது நியாயமான ஆசை. நான் சொன்னது தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு ஓட்டிப் போய்த் திரும்புகிறவருக்கு.

பணம் ஒரே நேரத்தில் புரளாது என்பதால் இந்த வரிசையில் வாங்குங்கள்: முதலில் பிரேக் கட்டையும் கேபிள்களும், பிறகு டயர், செயின், அதன்பின் ரிம், கடைசியில் பாட்டம் பிராக்கெட். தனுஷ்கோடிச் சாலையில் மணல் பறந்து செயினில் ஒட்டும். திரும்பி வந்ததும் உலர்ந்த துணியால் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிரேமை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள், பல இடங்களில் அதுவே உப்பு. குடிநீர்க் குழாயில் பிடித்த ஒரு சிறு வாளித் தண்ணீர் போதும்.

கழற்றிய பழைய பாகங்களை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, மேலே அளவையும் எந்த சைக்கிளிலிருந்து கழற்றியது என்பதையும் எழுதி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். 27 அங்குல ரிம்மும் பழைய காலிப்பரும் தேடி அலைகிற இன்னொருவர் பரமக்குடியிலோ காரைக்குடியிலோ இருப்பார்.