பேலியோ உணவுமுறைக்கு மாறுவது எப்படி? முதல் மாதத்துக்கான செய்முறை

கற்கால மனிதரின் உணவை ஒட்டிய பேலியோவுக்கு மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் எதையெல்லாம் விட வேண்டும் என்ற பட்டியலில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அரிசி கூடாது, கோதுமை கூடாது, சர்க்கரை கூடாது. பட்டியல் சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்கினால், பசியும் தலைவலியும் சேர்ந்து மூன்றாம் நாளே ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். என் ரத்தப் பரிசோதனை சர்க்கரைநோய்க்கு முந்தைய கட்டத்தைக் காட்டியபோது இந்த உணவுமுறைக்கு வந்தேன், இன்றும் இதில்தான் இருக்கிறேன். முதல் மாதத்தைக் கடப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். முட்டை வேகவைப்பது, காய் வதக்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சாப்பிடுபவை: இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, கீரை, கிழங்கு, பழம், கொட்டைகள், விதைகள். விடுபவை: தானியம், பயறு வகைகள், சர்க்கரை, ஆலையில் சுத்திகரித்த எண்ணெய், பாக்கெட் உணவு. பால் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. கண்டிப்பானவர்கள் அதையும் விடுகிறார்கள். நான் வெண்ணெய், நெய், தயிர் மூன்றையும் வைத்துக்கொண்டேன். பால் ஒத்துக்கொள்ளும் உடம்புக்கு அவற்றை விலக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்தச் சிந்தனை பரவத் தொடங்கியது 1985இல். போய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இருவரும் கற்கால மனிதரின் உணவு பற்றி ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். கற்கால மனிதர் தானியத்தைத் தொட்டதே இல்லை என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். இஸ்ரேலில் கலிலேயாக் கடலோரம் உள்ள ஓகாலோ என்ற அகழாய்விடத்தில், சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் காட்டு வாற்கோதுமையைச் சேகரித்து அரைத்ததற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. எனக்கு இந்த உணவுமுறையில் நம்பிக்கை வந்தது வேறு ஒரு காரணத்தால். 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்த வாரங்களில் அவர்கள் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். முழு உணவுக்கு, அதாவது அதிகம் பதப்படுத்தாத உணவுக்கு, மாறினாலே சாப்பிடும் அளவு தானாகக் குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

படி 1: ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும்

வெறும் வயிற்றில் சர்க்கரை, எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு அளவுகள், கிரியேட்டினின், யூரிக் அமிலம், தைராய்டு. இவற்றைத் தொடங்கும் முன்பே எடுத்து வையுங்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அது சர்க்கரைநோய்க்கு முந்தைய கட்டம், 6.5 தொட்டால் சர்க்கரைநோய்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு வேளைகூட மாற்ற வேண்டாம், இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இன்சுலின், கிளிமெப்பிரைடு போன்றவற்றை அதே அளவில் எடுத்துக்கொண்டு மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும். சிறுநீரக நோய் இருந்தால் புரத அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தாமாக ஆரம்பிக்கக் கூடாது.

படி 2: விடுவதற்கு முன் தட்டை நிரப்புங்கள்

சாதத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும்? இதற்கு விடை எழுதி வைத்த பிறகு ஆரம்பியுங்கள்.

பலர் செய்வது இது: தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, கூடவே வெள்ளரிக்காய். கேட்க ஆரோக்கியமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் வெந்த நெஞ்சுக்கறியில் சுமார் 165 கலோரி. ஒரு வேளைக்கு அவ்வளவுதான் என்றால் நாள் முழுக்க 500, 600 கலோரியைத் தாண்டாது. அது பட்டினி. சாயங்காலம் கை பிஸ்கட் டப்பாவைத் தேடாமல் என்ன செய்யும்? கொழுப்பே இல்லாத கறியை மட்டும் தொடர்ந்து தின்றால் சோர்வும் வயிற்றுப்போக்கும் வரும் என்பது பனிப்பிரதேசப் பயணிகளுக்கு நெடுங்காலமாகவே தெரியும். முயல்கறியை மட்டும் நம்பியவர்களுக்கு வந்ததால் அதற்கு முயல் பட்டினி என்றே பெயர்.

ஆகவே தட்டில் பாதி காய்கறி, அதில் கீரையும் சேர்த்தி. கால் பங்கு முட்டை, மீன் அல்லது கறி. அப்புறம் ஒரு கிழங்கு. மேலே தாராளமாக வெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ. முட்டையை மஞ்சள் கருவோடு சாப்பிடுங்கள், கோழியைத் தோலோடு சமையுங்கள். வாரம் இருமுறை மத்தி போன்ற சிறுமீன், முள்ளோடு. பாலை விட்டவர்களுக்குக் கால்சியம் கிடைக்க அது ஒரு முக்கிய வழி.

கிழங்கு என்றதும் சிலர் அதிர்ச்சி அடைவார்கள். பேலியோவும், மாவுச்சத்தை ஏறக்குறைய முழுக்க ஒதுக்கும் கீட்டோவும் ஒன்றல்ல. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் ஸ்டாஃபான் லிண்டபெர்க் ஆய்வு செய்தபோது, அங்குள்ளவர்கள் வள்ளிக்கிழங்கு, சேம்பு, பழம், மீன், தேங்காய் ஆகியவற்றையே சாப்பிட்டு வந்தார்கள். அவர்களுடைய கலோரியில் பெரும்பங்கு மாவுச்சத்துதான். மாரடைப்பும் பக்கவாதமும் அங்கே மிக அரிதாக இருந்தன. ரத்தச் சர்க்கரை கூடியவர்கள் கிழங்கைக் குறைக்க வேண்டியிருக்கும், அது உண்மை. வெந்த சர்க்கரைவள்ளி 100 கிராமில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சர்க்கரை சீராக உள்ளவர்கள், உடலுழைப்பு அதிகம் உள்ளவர்கள் பயப்பட வேண்டாம்.

படி 3: அலமாரி

சுருக்கமாகச் சொல்கிறேன். பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகம் உள்ளது முதலில். அதில் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், கார்ன் சிரப் என்று எது இருந்தாலும் அது சர்க்கரைக் குடும்பம்தான். பேலியோ பிஸ்கட், பேலியோ ரொட்டி என்று விற்பவையும் வேண்டாம். பழைய பழக்கத்தை அவை உயிரோடு வைத்திருக்கின்றன.

கருவிகளில் எனக்குப் பிடித்தவை மூன்றே. கனமான வார்ப்பிரும்புச் சட்டி, சமையலறை டிஜிட்டல் தராசு, மூடி இறுகும் கண்ணாடி டப்பாக்கள். ஞாயிற்றுக்கிழமையே முட்டை வேகவைத்து, காய் நறுக்கி டப்பாவில் போட்டு வைத்தால் வாரத்தின் பாதிச் சண்டை முடிந்தது. கலோரி செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும். என்ன சாப்பிட்டோம், அடுத்த பசி எப்போது வந்தது என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள்.

படி 4: உப்பு

நான் நின்றுபோன இடம் இது. உணவை எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன். முதல் வாரத்திலேயே நெற்றியைச் சுற்றி வலி, எழுந்தால் தலைசுற்றல், இரவில் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. உடம்புக்குச் சாதம் தேவை போலிருக்கிறது, திரும்பிவிடலாம் என்றே தோன்றியது. நிறையப் பேர் விட்டுவிடுவது இங்கேதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஈரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன, சுமார் 400, 500 கிராம் வரை. ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் கிளைக்கோஜன் கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை இரண்டு கிலோ இறங்கினால் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். அதே சமயம் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே விடுகிறது. இது போதாதென்று, அதுவரை உப்பைக் கொண்டுவந்த பாக்கெட் உணவையும் நிறுத்திவிட்டோம். இழப்பு கூடி வரவு குறைந்தால் தலைவலி வராமல் என்ன செய்யும்?

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் நிலைமை மோசமாகும், இருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும். செய்ய வேண்டியது இதுதான்: சமையலில் போடும் உப்பு போக, அரை டீஸ்பூன் உப்பை இரண்டு பங்காகப் பிரித்துக் காலையும் மாலையும் எலும்பு ரசத்திலோ எலுமிச்சை பிழிந்த வெந்நீரிலோ கலந்து குடியுங்கள். முதல் ஓரிரு வாரம் போதும், பிறகு நிறுத்திவிடலாம். உப்பு உள்ளே போனதும் என் தலைவலி அன்றே இறங்கியது. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்கள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்குத் தலைசுற்றல் வந்தால் அழுத்தமே இறங்கியிருக்கலாம், அளந்து பார்த்து மருத்துவரை அழையுங்கள்.

தசைப்பிடிப்புக்குப் பூசணி விதை, பாதாம், கீரை. பொட்டாசியம் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்று. அயோடின் கலந்த சாதாரண உப்பையே வாங்குங்கள். இந்துப்புதான் இயற்கை என்று மாறியவர்களைப் பார்த்துக் கவலைப்படுகிறேன். ஸ்வீடனில் உடல் பருமன் உள்ள பெண்களிடம் இரண்டாண்டு நடந்த ஆய்வில், பேலியோ சாப்பிட்டவர்களுக்கு அயோடின் அளவு குறைந்துபோனது தெரியவந்தது.

படி 5: அளப்பது

எடை பார்க்கும் கருவியைவிட அளவு நாடாவை நம்புங்கள். தொப்புள் உயரத்தில், மூச்சை விட்ட நிலையில், வாரம் ஒருமுறை. ரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, அவசரப்பட்டு எடுத்தால் பயனில்லை.

மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்வில் ஆறாவது மாதத்தில் மற்றக் குழுவைவிட பேலியோ குழுவில் உடல் கொழுப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது, இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடில் மட்டும் பேலியோ முன்னணியில் இருந்தது. தொடர்ந்து கடைப்பிடிப்பதுதான் கடினம், ஆகவே உங்களால் நீடிக்க முடிகிற வடிவத்தைத் தேடுங்கள். விருந்தில் ஒருநாள் சாதம் சாப்பிட்டால் அடுத்த வேளையே திரும்பிவிடலாம். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

மலச்சிக்கல் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். தானியமும் பயறும் போனதால் நார்ச்சத்து குறைகிறது. காய்கறியைத் தராசில் வைத்துப் பாருங்கள், நாளுக்கு 400 கிராமாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஊறவைத்த ஆளி விதை ஒரு ஸ்பூன் சேர்த்தால் கூடுதல் உதவி.

எடை நின்றுவிட்டது என்றவர்களிடம் விசாரித்ததில் பலருக்கும் காரணம் கொட்டைகள். 100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 580 கலோரி. டப்பாவோடு உட்காராதீர்கள், ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

முட்டையும் சாப்பிடாத சைவர்கள் பயறு வகைகளை விட வேண்டாம். புரதத்துக்கு அவர்களிடம் வேறு நல்ல வழி குறைவு. சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் பாக்கெட்டுகளையும் நிறுத்தி, பயறு, தயிர், காய்கறி என்று வைத்துக்கொண்டாலே முழு உணவின் பலன் பெரும்பாலும் கிடைக்கும். பி12 மட்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வந்த கேள்வி கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் பற்றி. சிலருக்கு நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது எல்டிஎல் நன்றாகவே ஏறுகிறது. அது பரவாயில்லை என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. வெண்ணெய், தேங்காய் எண்ணெய் இருந்த இடத்தில் ஆலிவ் எண்ணெய், மீன், கொட்டைகளைக் கொண்டுவந்து இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அந்த அறிக்கையோடு மருத்துவரிடம் போங்கள்.