மலையிலிருந்து புளிமூட்டை இறக்க: சாதனம் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி, பங்குனி வந்தால் ஜவ்வாது மலையிலும் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊருக்கு மேலே பீஞ்சமந்தை, அல்லேரி பக்கமும் புளி உலுக்குவார்கள். உலுக்குவதைவிட, வண்டி நிற்கும் இடம் வரைக்கும் மூட்டையை இறக்குவதுதான் பெரும்பாடு. அதற்குச் சாதனம் தேடுகிறவர்கள் மூட்டையைப் பார்த்து வாங்குகிறார்கள், பாதையைப் பார்ப்பதில்லை. நாலு கிலோமீட்டரில் மூன்றரை கிலோமீட்டர் சமமாக இருந்தாலும், மீதி அரை கிலோமீட்டர் பாறைப்படியாக இருந்தால் அந்த அரை கிலோமீட்டருக்கு ஏற்றதைத்தான் வாங்க வேண்டும்.

வாங்கப் போவதற்கு முன்னால் சுமையைக் குறையுங்கள். புளியம்பழத்தில் ஓடும் நாரும் கொட்டையும் போனால் மிஞ்சும் சதை பெரும்பாலும் பாதிகூட இருக்காது. கொட்டையோடு எடுக்கிற வியாபாரி என்றால் ஓட்டையாவது மேலேயே தட்டிவிடலாம். ஆனால் ஓடு போன புளி அமுங்கும். பெரிய சாக்கில் திணித்தால் அசைக்க முடியாத கல்லாகிவிடும். 25 கிலோ பிடிக்கும் சின்னச் சாக்குகளே சரி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஓர் ஆண் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை உச்சமாகப் பரிந்துரைத்தது. பெண்களுக்கு அதைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. மலை இறக்கத்தில் முழங்கால் படும் பாட்டுக்கு அதில் பாதியே போதும்.

அடுத்த தவறு, இணையத்தில் பார்த்துச் சறுக்குப் பலகை வாங்குவது. வெளிநாட்டில் வேட்டையாடிய மானைக் காட்டிலிருந்து இழுத்து வர பிளாஸ்டிக்கில் செய்து விற்கிறார்கள். (இங்கே மான் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) அந்தப் பலகை பனியிலும் ஈர இலைச்சருகிலும் வழுக்கிக்கொண்டு போகும். நம் மலையின் கூர்ங்கல்லில் அடிப்பக்கம் சீக்கிரமே கீறிக் கிழிந்துவிடும். தார்ப்பாயில் கட்டி இழுத்தாலும் அதே கதைதான். அதிலும் இறக்கத்தில் மூட்டை முந்திக்கொண்டு வந்து இழுப்பவரின் குதிகாலை இடிக்கும். மணல் கானாற்றைக் கடக்க மட்டும் இழுவை பரவாயில்லை. அப்போதும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஓர் அடி நீளக் குச்சியின் நடுவில் முடிந்து, குச்சியைப் பிடித்து இழுங்கள். மூட்டை உருண்டால் விட்டுவிடலாம்.

சக்கரம் வைத்த வண்டியில் ஆளை ஏமாற்றுவது சக்கரம்தான். கடையின் சிமெண்ட் தரையில் வழவழவென்று ஓடும் சிறிய கெட்டி ரப்பர் சக்கரம் கானாற்று மணலில் புதைந்து நின்றுவிடும். காற்றடிக்கும் அகல டயர் கல்லிலும் மணலிலும் நன்றாகப் போகும், ஆனால் கருவேல முள்ளுக்குத் தாங்காது. ஒட்டும் சாமானும் கைப்பம்பும் கூடவே இருக்க வேண்டும். ஒற்றையடிப் பாதைக்கு இரட்டைச் சக்கரம் வேண்டாம், ஒரு சக்கரம் மேட்டில் ஏறினாலே கவிழும். ஒத்தைச் சக்கர வண்டியில் பாரத்தைச் சக்கரத்தை ஒட்டி முன்னால் வையுங்கள். கைப்பிடிப் பக்கம் வைத்தால் பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். இறங்கும்போது வண்டி உங்களுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், கீழே வேறு ஆள் இருக்கக் கூடாது.

பாறைப்படிக்கு இன்றைக்கும் காவுத்தடிக்கு (முனைகளில் மூட்டையைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் தடி) ஈடாக ஒன்றும் இல்லை. அதைத் தேர்வு செய்வதில்தான் அவசரப்படுகிறார்கள். பச்சை மூங்கிலை வெட்டி அன்றே தோளில் போட்டால் வளைந்துபோகும், காயும்போது வெடிக்கும். முற்றிய கல்மூங்கில், நிழலில் உலர்ந்தது, ஐந்தரை அல்லது ஆறு அடி. தோளில் படும் இடத்தில் மட்டும் கணுவைச் செதுக்கி வழவழப்பாக்கி, பழந்துணி சுற்றுங்கள். இரண்டு முனையிலும் சம எடை. கயிறு நீளமாக இருந்தால் இறங்கும்போது முன்மூட்டை படியில் இடித்துப் பின்னுக்குத் தள்ளும். முழங்காலுக்கு மேலேயே மூட்டையின் அடி நிற்க வேண்டும். இருவர் தூக்கும் தடி என்றால் இறக்கத்தில் பாரம் முன்னாளை நோக்கி வழுக்கும். தடியில் வெட்டு போட்டால் அந்த இடத்திலேயே முறியும். அதனால் கணுவுக்குப் பின்னால் கயிற்றைச் சுற்றி முடியுங்கள். உயரமானவர் முன்னால் நடந்தால் தடி ஓரளவு மட்டமாக நிற்கும்.

கயிறு மலிவு என்று மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வாங்குவார்கள். அது வழுக்கும், முடிச்சு தானாக அவிழும், வெயிலில் கிடந்தால் இழை இழையாகப் பொடியும். நைலான் உறுதியானது, ஆனால் பாரத்தில் இழுபடுவதால் நூறடி நடந்ததும் ஒருமுறை இறுக்க வேண்டும். தேங்காய்நார்க் கயிறு முடிச்சை நன்றாகப் பிடிக்கும், நெடுநாள் ஈரத்தில் கிடந்தால் உளுத்துப்போகும். மூட்டையைத் தடியோடு கட்ட சைக்கிள் ட்யூப்பைக் கீறிய பட்டை நல்லது. இறுகிப் பிடிக்கும், சாக்கையும் அறுக்காது.

கழுதை வைத்திருப்பவர்கள் சேணத்தில் கவனம் வையுங்கள். பாரம் முதுகெலும்பின் மேல் உட்காராமல் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும். பொதி விலங்குகளுக்கான 1965 விதிகளின்படி வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை சுமை ஏற்றக் கூடாது. பங்குனி வெயிலில் வேலூர்ப் பக்கம் அது சாதாரணம், ஆகவே விடியற்காலையிலேயே இறக்கிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் கடை வாசலில் காலியாக உருட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெரிந்தவரிடம் அதே மாதிரி ஒன்றை ஒரு நாளைக்கு வாங்கி, 25 கிலோ மணல் மூட்டையை வைத்து, உங்கள் பாதையின் மோசமான இறக்கத்தில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அங்கே கைகளால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் அந்தச் சாதனம் உங்களுக்கு இல்லை.