பர்மிட் தாளில் டிக் இருந்தால் மட்டும் போதாது

ஆலைக்குள் சப் கான்ட்ராக்ட் வேலை எடுப்பவர்கள் காப்பீடு, பயிற்சிச் சான்று, ஆட்களின் பட்டியல் எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். சரி, அது எளிது. அதிகம் கவனிக்க வேண்டியது வேலை பர்மிட்தான், அதாவது ஆலைக்குள் ஒரு வேலையைத் தொடங்க எழுத்தில் கொடுக்கும் அனுமதி.

அது ஒரு வேலைக்கு, ஒரு இடத்துக்கு, ஒரு நேரத்துக்கு மட்டுமே செல்லும். ஒரு குழாயை வெல்டிங் செய்ய வாங்கிய பர்மிட்டை வைத்துப் பக்கத்துக் குழாயைத் தொடக் கூடாது. அபாயச் சங்கு ஒலித்து வெளியேறினால், பர்மிட் கொடுத்தவரிடம் மறுபடி அனுமதி வாங்கிய பிறகே வேலையைத் தொடருங்கள்.

தொட்டிக்குள் இறங்குவதாக இருந்தால் இன்னும் கறாராக இருங்கள். காற்றில் ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. காலையில் எடுத்த அளவை நம்பிச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்காதீர்கள்; மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வெளியே கண்காணிக்க ஒருவர் நின்றே ஆக வேண்டும். மின்சாரத்தையும் வால்வையும் நிறுத்தி, யாரும் திறக்காதபடி பூட்டியாயிற்று என்று தாளில் டிக் இருந்தாலும், உங்கள் சொந்தப் பூட்டையும் போட்டு, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதனால் தாமதம் என்று யாராவது கோபித்தால் கோபிக்கட்டும்.

அப்புறம், வேலை முடிந்ததும் கையெழுத்திட்டு பர்மிட்டை மூடுங்கள். மூடாவிட்டால், உள்ளே இன்னும் ஆள் இருப்பதாகத்தான் அடுத்த ஷிஃப்டில் கணக்கு வைப்பார்கள்.