கூந்தன்குளத்துக்குக் கோடையில் போனால் என்ன குறிக்க வேண்டும், எப்படி

வலசை வந்த வாத்துகள் கிளம்பிவிட்டன, இனி மே மாதத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒருமுறை கூந்தன்குளம் போக வேண்டும். திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி வட்டம், மூலைக்கரைப்பட்டி வழி. 1994-இல்தான் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள், தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. மஞ்சள்மூக்கு நாரைகள் தெருவில் நிற்கிற வேப்பமரத்திலேயே கூடு வைப்பது அதனால்தான். கிளம்பும் முன் குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், மழை பொய்த்த வருடம் என்றால் கூடுகள் அதிகம் இருக்காது.

குளிர்காலத்தில் எத்தனை வகை பார்த்தோம் என்று பட்டியல் போடுவது சரி. கோடையில் அது அரைகுறை வேலை. இப்போது குறிக்க வேண்டியது கூடு எந்த நிலையில் இருக்கிறது என்பதை: சுள்ளி சுமக்கிறதா, அடை உட்கார்ந்திருக்கிறதா, குஞ்சு வெளியே தெரிகிறதா.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதோடு கொஞ்ச நேரம் இருங்கள். கீழ்க்கிளையில் தொடங்கி மேலே வரை கூடுகளை மட்டும் எண்ணுங்கள், பிறகு ஒருமுறை மேலிருந்து கீழே. பறவைகளை எண்ணுவதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஜோடியில் ஒன்று இரை தேடப் போயிருக்கும். அப்புறம் குஞ்சுகள். பஞ்சு போல வெள்ளைத் தூவியோடு இருந்தால் சின்னது, பழுப்பும் சாம்பலுமாக இறகு முளைத்திருந்தால் வளர்ந்தது. தாய் தந்தை நாரைகளின் மஞ்சள் அலகும் வாலருகே உள்ள ரோஸ் நிறமும் இந்தக் குஞ்சுக்கு இன்னும் வந்திருக்காது. வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ சூரியனுக்கு முதுகு காட்டி, இறக்கையைப் பாதி விரித்து நிற்கும், குஞ்சுகள் அந்த நிழலில் ஒடுங்கிக்கொள்ளும். அதையும் நேரத்தோடு எழுதுங்கள். வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்க்க வேண்டாம், தொப்பியும் கட்டாயம், காரணம் மரத்தடிக்குப் போனதும் புரியும்.

குறிப்பு இவ்வளவு இருந்தால் போதும்: "காலை 6.40, மேற்குத் தெரு வேப்பமரம், மஞ்சள்மூக்கு நாரை, கூடு 14, குஞ்சு தெரிந்தது 9, மூன்று பறவை சுள்ளியோடு வந்தன." நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். வியர்வைக் கை பட்டால் பேனா மை ஊறிவிடும், மே மாத வெயிலில் போன் திரை கண்ணுக்குத் தெரியாது, சூடேறிப் போன் தானே அணைந்தும் போகும். குளத்துக்குள் கருவேல மரங்களில் இருக்கும் கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன்களைக் கரையிலிருந்தே பைனாகுலரில் பார்க்கலாம். அங்கே பத்துப் பத்தாக எண்ணி, "சுமார்" என்று போட்டு எழுதுங்கள். இனம் பிடிபடாத வெள்ளைக் கொக்கை வெறுமனே கொக்கு என்றே எழுதலாம், ஊகித்துப் பெயர் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வீட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டியிருந்தால் "அண்ணாச்சி, இங்க நின்னு கொஞ்சம் பார்த்துக்கிடட்டுமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மரத்தில் எப்போது முதல் கூடு வந்தது என்பதை நீங்கள் கேட்காமலே சொல்வார்கள். அதையும் எழுதுங்கள், ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்ததோடு கலக்காமல் தனியாக.

கரையில் நடக்கும்போது ஆள்காட்டிப் பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமடித்தால் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை, பெரும்பாலும் நான்கு, வெறும் தரையில் கிடக்கும். தேடாதீர்கள், வந்த வழியே திரும்புங்கள். அது எழுந்து பறந்த நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். ட்ரோன், போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது, இரண்டும் கூடவே கூடாது.

பறவையோடு நிறுத்த வேண்டாம். வேலியில் தொண்டை சிவந்த ஆண் ஓணான் தலையாட்டிக்கொண்டிருக்கும். எருக்கஞ்செடி இலையைப் புரட்டினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு கிடைக்கலாம். புழுவை ஒரு படம், செடி முழுவதும் ஒரு படம். இதெல்லாம் எல்லா உயிர்களையும் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்துக்கு. பறவைக் கணக்கு, பறவைப் பட்டியல்களை ஏற்றும் இபேர்டு தளத்துக்கு, தொடங்கிய நேரம், நடந்த தூரம் இரண்டோடும். அதில் முழுப் பட்டியலா என்று கேட்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும், காக்கை மைனா உட்பட, எழுதியிருந்தால் மட்டும் ஆம் போடுங்கள். கூடு, குஞ்சு, சுள்ளி சுமப்பது இவற்றுக்கென்று தனிக் குறியீடுகள் உண்டு, கோடையில் அதைத் தவறவிடக் கூடாது. அன்று மாலையே ஏற்றிவிடுங்கள், மறுநாள் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது.

காற்று வலுத்த நாளில் குஞ்சு கீழே விழுவது சகஜம். இந்த ஊரின் மறைந்த பால்பாண்டி அப்படி விழுந்தவற்றை எடுத்து வளர்த்தவர். நீங்கள் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம், வனத்துறை ஆட்களைக் கூப்பிடுங்கள். எந்த மரம், எத்தனை மணி, எவ்வளவு இறகு முளைத்திருந்தது என்பதைச் சொன்னால் அவர்களுக்கும் உதவும், உங்கள் குறிப்பிலும் இருக்கும்.